தலைமைத்துவம், நிறுவனப் பண்பாடு, படைப்பாற்றல்: வணிகத்துறை முனைவர் பட்ட ஆய்வுகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் மேற்கொள்ளப்படும் முனைவர் பட்ட ஆய்வுகளுள் தலைமைத்துவம், நிறுவனப் பண்பாடு, படைப்பாற்றல் ஆகிய மூன்றையும் ஒருங்கே இணைத்து நோக்குபவை ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. தலைவரின் நடத்தை நிறுவனத்தின் பண்பாட்டை உருவாக்குகிறது. அப்பண்பாடு ஊழியரின் படைப்பாற்றலைத் தூண்டுகிறது. படைப்பாற்றல் நிறுவனத்தின் வெற்றிக்கு வழிகோலுகிறது. இவ்வகை ஆய்வேடுகள் பலவற்றின் மையக் கருத்து இதுவேயாகும். பள்ளித் தலைமையாசிரியரின் தலைமைத்துவம், பள்ளிப் பண்பாடு, ஆசிரியரின் ஆக்கச் சிந்தனை எனப் பெயர்களை மாற்றிக்கொண்டு இதே அமைப்பு கல்வித்துறை ஆய்வுகளிலும் இடம்பெறுகின்றது. ஆகவே, இது வணிகத்துறையினருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. உயர் பட்டம் நாடும் தமிழாசிரியர்களும் எதிர்கொள்ளும் சிக்கலாகும்.

இத்தகைய ஆய்வுகளின் கருத்து தவறு என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்கருத்தை மெய்ப்பிக்க அவை கையாளும் முறை, தான் அளப்பதாகக் கூறுவதை உண்மையில் அளக்கின்றதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. ஒரே மனிதரிடம், ஒரே நேரத்தில், ஒரே தாளில் மூன்றையும் கேட்டுப் பெறும் விடைகள் மூன்றிற்கும் இடையிலான உறவைக் காட்டுவதைவிட, விடையளித்தவரின் மனநிறைவையே மிகுதியாகக் காட்டக்கூடும் என்பதும், காலத்தையும் மௌனத்தையும் மொழியையும் கணக்கில் கொள்ளாத ஆய்வு பணியிடத்தை நெருங்க இயலாது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடாகும்.

மூன்று கருத்தாக்கங்களின் பின்னணி

இம்மூன்று கருத்தாக்கங்களும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தவை. அரசியல் தலைவர்களை ஆராய்ந்த ஜேம்ஸ் மெக்கிரிகர் பர்ன்ஸ், 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கொடுக்கல் வாங்கல் அடிப்படையிலான தலைமைத்துவத்தையும் மாற்றம் விளைவிக்கும் தலைமைத்துவத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். பெர்னார்ட் பாஸ் 1985இல் அதனை நிறுவனச் சூழலுக்குக் கொணர்ந்தார். முன்மாதிரியாக விளங்குதல், ஊக்கமூட்டுதல், அறிவைத் தூண்டுதல், ஒவ்வொருவரையும் தனித்தனியே கருதுதல் என்னும் நான்கு கூறுகள் அவ்வழி வந்தவையே. வரலாற்று நூலொன்றில் பிறந்த கருத்து, இவ்வாறு ஒரு வினாநிரலாக உருப்பெற்றது.

நிறுவனப் பண்பாட்டைப் பொறுத்தவரை எட்கர் ஷைன் 1985இல் முன்வைத்த மூவடுக்கு விளக்கமே பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. கண்ணுக்குப் புலப்படும் அடையாளங்கள் மேலடுக்கு. வெளிப்படையாகக் கூறப்படும் விழுமியங்கள் நடுவடுக்கு. எவரும் எடுத்துரைக்காமலேயே எல்லாரும் ஏற்று நடக்கும் அடிப்படை எடுகோள்கள் அடியடுக்கு. அடியடுக்கை வினாநிரலால் எட்ட இயலாது என்பதில் ஷைன் உறுதியாக இருந்தார். ஆய்வேடுகளில் இரண்டாம் இயலில் ஷைனை மேற்கோள் காட்டிவிட்டு, மூன்றாம் இயலில் ஐந்து புள்ளி அளவுகோலால் பண்பாட்டை அளக்கப் புகுவது முரண்பாடு என்பதை ஆய்வாளர் பலர் உணர்வதில்லை.

படைப்பாற்றல் பற்றிய ஆய்வில் தெரேசா அமாபிலின் பங்கு பெரிது. புதுமையும் பயன்பாடும் ஒருங்கே அமைந்ததே படைப்பாற்றல் என்னும் வரையறை இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. 1982இல் அவர் முன்வைத்த மதிப்பீட்டு முறை நோக்கற்பாலது. ஓர் ஆக்கத்தை அத்துறையறிந்த பலர், ஒருவரோடொருவர் கலந்துரையாடாமல், தனித்தனியே மதிப்பிட வேண்டும்; அவர்களின் கருத்து ஒத்துப்போகும்போதே அம்மதிப்பீடு ஏற்கத்தக்கது. இங்கு மதிப்பிடப்படுவது செய்பொருள். தன்னைப் பற்றி ஒருவர் கூறிக்கொள்ளும் கூற்றன்று. பிற்கால ஆய்வேடுகள் பலவற்றில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது. ‘நான் புதிய கருத்துகளை முன்வைப்பவன்’ என்னும் கூற்றிற்கு ஒருவர் இடும் எண்ணே அவருடைய படைப்பாற்றல் எனக் கொள்ளப்படுகின்றது.

வினாநிரல் காட்டுவதும் மறைப்பதும்

இவ்வகை ஆய்வேட்டின் வழக்கமான அமைப்பு பின்வருமாறு. ஆய்வாளர் ஏற்கனவே உள்ள மூன்று அளவுகோல்களைத் தேர்ந்தெடுத்து ஒரே வினாநிரலாகத் தொகுக்கிறார். கிரெஜ்சி, மோர்கன் ஆகியோர் 1970இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்து மாதிரி அளவை முடிவு செய்கிறார். மக்கள்தொகை பத்து இலட்சத்தை எட்டினால் அவ்வட்டவணை தரும் எண் 384. பின்னர், அறிமுகமானவர் வழியாக நிறுவனங்களை அணுகித் தாள்களை வழங்குகிறார். அந்த 384 என்னும் எண், சமவாய்ப்பு முறையில் மாதிரி தெரிவு செய்யப்பட்டால் மட்டுமே பொருளுடையது. கிடைத்தவரிடம் கேட்டுப் பெற்ற விடைகளுக்கு அவ்வெண் எவ்வித உறுதியும் தாராது. இறுதியில் நம்பகத்தன்மைக் கெழு 0.70ஐத் தாண்டியது என்றும் கருதுகோள்கள் ஏற்கப்பட்டன என்றும் அறிவிக்கப்படுகின்றது. கெழு உயர்ந்திருப்பது வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்குச் சான்றே தவிர, அவை எதனை அளக்கின்றன என்பதற்குச் சான்றாகாது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. பாரி ஸ்டா 1975இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குழுக்களாகப் பிரிந்து ஒரு பணியைச் செய்தவர்களுள் சிலரிடம் அவர்கள் குழு மிக நன்றாகச் செய்தது என்றும், வேறு சிலரிடம் மோசமாகச் செய்தது என்றும் கூறப்பட்டது. அச்செய்தி உண்மையான செயல்திறனோடு தொடர்பற்றது. அதன் பின்னர்த் தம் குழுவைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, நன்றாகச் செய்ததாக அறிவிக்கப்பட்டவர்கள் தம் குழுவில் ஒற்றுமையும் ஊக்கமும் மாற்றத்தை ஏற்கும் மனப்பாங்கும் மிகுந்திருந்ததாக விடையளித்தனர். அதாவது, நல்ல குழுப்பண்பாடு வெற்றியைத் தரவில்லை. வெற்றி பற்றிய செய்தியே நல்ல பண்பாடு இருந்ததாக அவர்களை எண்ணச் செய்தது. ‘பண்பாடு வெற்றிக்குக் காரணம்’ என முடிவு கூறும் ஒவ்வோர் ஆய்வேடும் முதலில் இந்த ஆய்விற்கு விடை கூறியாக வேண்டும்.

தலைமைத்துவத்திற்கும் இது பொருந்தும். மெயிண்டல், எர்லிக், டூக்கரிச் ஆகிய மூவரும் 1985இல், வெற்றி தோல்விகளுக்கான காரணத்தைத் தலைவரிடமே காணும் மனப்போக்கு மக்களிடம் வேரூன்றியிருப்பதை எடுத்துக்காட்டினர். வான் நிப்பன்பெர்க், சிட்கின் ஆகியோர் 2013இல் எழுதிய விரிவான திறனாய்வில், மாற்றம் விளைவிக்கும் தலைமைத்துவத்திற்குத் தெளிவான வரையறை இல்லை என்றும், அதன் விளைவுகளே அதன் வரையறைக்குள் கலந்துவிட்டன என்றும் சுட்டினர். ‘என் மேலாளர் சிக்கல்களைப் புதிய கோணத்தில் பார்க்கத் தூண்டுகிறார்’ என்பது தலைமைத்துவத்தை அளக்கும் கூற்று. ‘நான் சிக்கல்களைப் புதிய கோணத்தில் பார்க்கிறேன்’ என்பது படைப்பாற்றலை அளக்கும் கூற்று. இவ்விரண்டிற்கும் ஒருவர் ஒரே எண்ணை இட்டால், அவற்றிடையே உறவு காணப்படுவது வியப்பன்று, காணப்படாவிடில்தான் வியப்பு.

காலம் என்னும் காரணி

ஒரு வாரத்தில் திரட்டப்பட்ட தரவைக் கொண்டு ‘தாக்கம்’ என்னும் சொல்லைக் கையாள்வது இவ்வகை ஆய்வேடுகளின் இரண்டாம் குறை. தலைமை பண்பாட்டை மாற்றுவதற்கும், பண்பாடு ஆக்கத்தை விளைவிப்பதற்கும் ஆண்டுகள் தேவைப்படுகின்றன. இதற்குத் திரீஎம் நிறுவனத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

1902இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் வில்லியம் மெக்நைட்டின் நீண்டகாலத் தலைமையின்கீழ், ஊழியரின் முயற்சியில் நிகழும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்னும் கொள்கை வேரூன்றியது. தொழில்நுட்ப ஊழியர் தம் பணிநேரத்தில் 15 விழுக்காட்டைத் தாம் விரும்பும் முயற்சிக்குச் செலவிடலாம் என்னும் வழக்கமும் அங்கு நிலைபெற்றது. 1968இல் அந்நிறுவன வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர், வலிமையான பசையை உருவாக்க முயன்றபோது எளிதில் பிரிந்துவரும் பசை ஒன்றைக் கண்டார். அதற்கு உடனடிப் பயன் எதுவும் தென்படவில்லை. 1974இல் அவருடைய சக ஊழியர் ஆர்ட் ஃபிரை, தேவாலயப் பாடற்குழுவில் தம் பாட்டுப் புத்தகத்திலிருந்து நழுவி விழுந்துகொண்டிருந்த அடையாளத் தாள்களுக்கு அப்பசை உதவும் என எண்ணினார். போஸ்ட்-இட் என்னும் பெயரில் அச்சிறு ஒட்டுத்தாள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980இல்தான். கண்டுபிடிப்பிற்கும் விற்பனைக்கும் இடையே 12 ஆண்டுகள். 1970இல் ஓர் ஆய்வாளர் அங்குச் சென்று சில்வரின் மேலாளரிடம் மதிப்பெண் கேட்டிருந்தால், அவருடைய படைப்பாற்றலுக்கு எத்தகைய எண் கிடைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

அதே நிறுவனத்தில் 2001இல் தலைமைப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மெக்னெர்னி, ஜெனரல் எலெக்டிரிக் நிறுவனத்தில் தாம் பயின்ற சிக்ஸ் சிக்மா என்னும் முறையைப் புகுத்தினார். பிழைகளையும் வேறுபாடுகளையும் குறைப்பதே அதன் நோக்கம். இலாபம் உயர்ந்தது. எனினும், ஆய்வுக்கூடங்களில் அம்முறை ஆக்கத்தை முடக்கியது என்னும் குறை எழுந்தது. 2005இல் அவர் போயிங் நிறுவனத்திற்குச் சென்ற பின், அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ஆய்வுப் பிரிவில் அம்முறையின் பிடியைத் தளர்த்தினார். இலாபம் உயர்ந்த ஆண்டில் ஒரு வினாநிரல் வழங்கப்பட்டிருந்தால் தலைமை நற்பண்பாட்டை உருவாக்கியது என்னும் முடிவு கிடைத்திருக்கக்கூடும். சில ஆண்டுகள் கழித்து வழங்கப்பட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். நிறுவனங்கள் தம்மைப் பற்றித் தாமே கூறும் வெற்றிக் கதைகளையும் அப்படியே ஏற்பதற்கில்லை என்பது உண்மையே. ஆயினும், காலத்தைத் தவிர்த்த ஆய்வு எதனை இழக்கின்றது என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகின்றது.

மௌனத்தை எவ்வாறு அளப்பது?

முனைவர் பட்ட மாணவர் ஒருவர் தம் எதிர்பார்ப்பிற்கு மாறான முடிவை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கு ஏமி எட்மன்சனின் ஆய்வு சிறந்த எடுத்துக்காட்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்குப் பயின்றபோது, இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளில் மருந்து வழங்குவதில் ஏற்படும் பிழைகளை ஆராயும் பணியில் அவர் பங்கேற்றார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. தரவோ நேர்மாறாக அமைந்தது. நல்ல தலைமையும் ஒத்துழைப்பும் உடைய குழுக்களில்தான் பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. அவர் அம்முடிவை ஒதுக்கிவிடவில்லை. புள்ளிவிவரத்தைத் திருத்தி விரும்பிய விடையைத் தேடவும் இல்லை. முடிவுகளை அறியாத வேறோர் ஆய்வாளர் அப்பிரிவுகளை நேரில் கவனிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அதன்வழி, நல்ல குழுவினர் அதிகப் பிழைகளைச் செய்யவில்லை, அச்சமின்றி அவற்றை வெளிப்படையாகக் கூறினர் என்னும் விளக்கம் கிடைத்தது. 1996இல் இவ்வாய்வு வெளிவந்தது. 1999இல் உற்பத்தி நிறுவனம் ஒன்றின் 51 பணிக்குழுக்களை ஆராய்ந்து, உளவியல் பாதுகாப்பு என்னும் கருத்தாக்கத்தை அவர் நிலைநாட்டினார். இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு கருத்து, நிராகரிக்கப்பட்ட ஒரு கருதுகோளிலிருந்து பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதன் மறுபக்கத்தை நோக்கியா நிறுவனம் பற்றிய ஆய்வில் காணலாம். திமோ வோரி, குய் ஹை ஆகியோர் 76 பேரை நேர்கண்டு 2016இல் வெளியிட்ட கட்டுரை, 2005 முதல் 2010 வரையிலான காலத்தில் அந்நிறுவனத்தில் அச்சம் எவ்வாறு இயங்கியது என விளக்குகின்றது. மேலிடத்தினர் போட்டியாளரையும் பங்குதாரரையும் கண்டு அஞ்சினர். நடுநிலை மேலாளர்கள் மேலிடத்தைக் கண்டு அஞ்சினர். அதனால் கீழிருந்து உண்மை நிலவரம் மேலே செல்லவில்லை. மேலிடமும் இயலாததை இயலும் என நம்பியது. திறமையான பொறியாளர்களைக் கொண்டிருந்தும் அந்நிறுவனம் திறன்பேசிப் போட்டியில் பின்தங்கியது. அதன் கைப்பேசிப் பிரிவு 2014இல் மைக்ரோசாஃப்ட் வசம் சென்றது.

ஆய்வேட்டின் முகப்பில் ஒரு குறளை அலங்காரமாக அமைத்துவிட்டு அதனை மறந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தின் 448ஆம் குறள், தவறு கண்டால் இடித்துரைப்பவர் இல்லாத மன்னன், கெடுப்பவர் எவரும் இல்லாவிடினும் கெடுவான் என்னும் கருத்தைக் கூறுகின்றது. வள்ளுவர் மேலாண்மை நூல் எழுதினார் எனக் கூறுவது மிகையாகும். ஆனால் இக்குறளை ஆய்வு வினாவாக மாற்ற இயலும்: இந்நிறுவனத்தில் கடந்த ஆண்டில் மேலாளரை மறுத்துப் பேசியவர் யாவர்? அதன்பின் அவர்களுக்கு நேர்ந்தது என்ன? ‘எங்கள் நிறுவனத்தில் கருத்துரிமை உண்டு’ என்னும் கூற்றிற்கு 384 பேர் இடும் எண்களைவிட இவ்விரு வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகள் பண்பாட்டை மிகுதியாக உணர்த்தும்.

பண்பாட்டு எண்ணும் மொழிச் சிக்கலும்

மலேசியச் சூழலில் எழுதப்படும் ஆய்வேடுகளின் முதல் இயலில் ஹாஃப்ஸ்டீட் தவறாமல் இடம்பெறுகிறார். ஐபிஎம் நிறுவன ஊழியரிடம் 1967 முதல் 1973 வரை திரட்டப்பட்ட 116,000க்கும் மேற்பட்ட வினாநிரல்களை அடிப்படையாகக் கொண்டது அவருடைய ஆய்வு. 50 நாடுகளையும் மூன்று வட்டாரங்களையும் ஒப்பிட்ட 1991ஆம் ஆண்டு நூலில், அதிகார இடைவெளிக் குறியீட்டில் மலேசியா 104 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. சிங்கப்பூருக்கு 74 புள்ளிகள். இவ்வெண்கள் நாடுகளை ஒப்பிட மட்டுமே உரியவை, தனிமனிதரை விளக்க உரியவை அல்ல என ஹாஃப்ஸ்டீட் தாமே எச்சரித்துள்ளார். எனினும், ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் குறிப்பிட்ட சிலரின் நடத்தைக்கு இவ்வெண் காரணமாகக் காட்டப்படுகின்றது.

இதில் மற்றொரு முரண்பாடும் உண்டு. மலேசிய ஊழியர் மேலதிகாரிக்குப் பணிந்து நடப்பவர் என முதல் இயலில் எழுதும் ஆய்வாளர், அதே ஊழியர் தம் மேலதிகாரிக்கு இட்ட மதிப்பெண்ணை நான்காம் இயலில் ஐயமின்றி ஏற்கிறார். முதல் இயல் உண்மையாயின் நான்காம் இயலின் தரவு நம்பத்தக்கதன்று. தரவு நம்பத்தக்கதாயின் முதல் இயலைத் திருத்தியாக வேண்டும். மனிதவளப் பிரிவின் வழியாக வழங்கப்பட்டு, அப்பிரிவின் வழியாகவே திரும்பப் பெறப்படும் தாள்களில் இச்சிக்கல் மேலும் கூர்மையாகின்றது.

மொழியும் இங்குப் புறக்கணிக்கப்படுகின்றது. ஆங்கில அளவுகோலைத் தமிழில் பெயர்த்து, மீண்டும் ஆங்கிலத்திற்குப் பெயர்த்து ஒப்பிடும் முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விளக்கினார். சொற்பொருள் ஒத்துப்போவதை அம்முறை காட்டலாம். சொல் எழுப்பும் எண்ணத்தை அது காட்டாது. ‘என் தலைவர்’ என்னும் தொடர் தமிழருக்குக் கட்சித் தலைவரையோ சங்கத் தலைவரையோ நினைவூட்டும். பணியிடத்தில் அவர் அறிந்தவர் மேலாளர், மேற்பார்வையாளர், முதலாளி. தோட்டப்புறத்தில் கங்காணி, தண்டல் ஆகியோரின் கீழ் வாழ்ந்த தலைமுறைகளின் நினைவு மேலதிகாரி பற்றிய எண்ணத்தில் எஞ்சியிருக்கின்றதா என்பதே தனியோர் ஆய்வுக்குரியது. அவ்வாறே, படைப்பாற்றல் என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவன கவிதையும் கதையுமாகும். கருவிகளை இடம் மாற்றி வைத்து ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும் ஆலைத் தொழிலாளி, தமக்குப் படைப்பாற்றல் உண்டு எனக் கூற மாட்டார். ‘ஒரு யோசனை தோன்றியது, செய்தேன்’ என்பார். அவருடைய விடைத்தாளில் குறைந்த எண் பதிவாகும். ஆக்கமோ ஆலைக்குள் நடந்துகொண்டிருக்கும்.

ஆய்வாளர் செய்யக்கூடியவை

வினாநிரலே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பல நிறுவனங்களை ஒப்பிடுவதற்கு அது பயன்படும். மேலும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் ஆய்வை முடிக்க வேண்டிய மாணவருக்கு நிறுவனங்கள் கதவைத் திறப்பதும் அரிது. இந்நெருக்கடியை உணராமல் குறை கூறுவது அறமாகாது. எனினும், இருக்கும் எல்லைக்குள்ளேயே செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவதாக, தலைமை பற்றி ஊழியரிடமும், படைப்பாற்றல் பற்றி அப்பணியை அறிந்த வேறு மதிப்பீட்டாளரிடமும் தரவு பெறலாம். மேலாளரின் மதிப்பெண் மட்டும் போதாது. அது மேலாளருக்குப் பிடித்ததையே படைப்பாற்றலாகக் காட்டிவிடக்கூடும். இரண்டாவதாக, ஆறு மாத இடைவெளியிலேனும் இருமுறை தரவு திரட்டலாம். மூன்றாவதாக, எண்ணிக்கையைக் குறைத்து ஆழத்தைக் கூட்டலாம். அமாபிலும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களின் 26 குழுக்களைச் சேர்ந்த 238 பேரிடம் நாட்குறிப்புகளைப் பெற்று, ஏறத்தாழ 12,000 பதிவுகளை ஆராய்ந்து 2011இல் நூலாக வெளியிட்டனர். பொருளுள்ள பணியில் அன்றாடம் காணும் சிறு முன்னேற்றமே ஊழியரின் ஊக்கத்திற்குத் தலையாய காரணம் என அவர்கள் கண்டனர். தனி மாணவர் ஒருவரால் இவ்வளவு இயலாது. ஒரே நிறுவனத்தில் பத்துப் பேரின் நாட்குறிப்பைப் பெற இயலும். நான்காவதாக, ஏற்கப்படாத கருதுகோளைத் தோல்வியாகக் கருதும் மனப்பான்மையை நெறியாளர்களும் தேர்வாளர்களும் கைவிட வேண்டும். இம்மாற்றம் மாணவரிடமிருந்து தொடங்க இயலாது.

முடிவுரை

தலைமைத்துவமும் பண்பாடும் படைப்பாற்றலும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதில் ஐயமில்லை. அத்தொடர்பு எங்கு, எப்போது, எவ்வழியாக இயங்குகின்றது, எப்போது முறிகின்றது என்பதை அறிவதே ஆய்வின் பணி. எல்லாக் கருதுகோளும் ஏற்கப்பட்ட ஆய்வேடு, தொடங்கும் முன் அறிந்ததையே முடிவிலும் கூறுகின்றது. மேலும், இவ்வகை ஆய்வேடுகள் படைப்பாற்றல் மலர்வதற்குப் பிழையைப் பொறுக்கும் பண்பாடு வேண்டும் என நிறுவனங்களுக்குப் பரிந்துரைக்கின்றன. அவற்றை எழுதும் மாணவரோ, எதிர்பாராத முடிவு வந்துவிடுமோ என அஞ்சி, முன்னோர் சென்ற தடத்திலேயே செல்கிறார். தம் தரவு தம் கருத்தை மறுத்தது எனத் துணிந்து கூறும் மாணவருக்கு நம் துறைகள் என்ன விடை அளிக்கின்றன என்பது நெறியாளரும் தேர்வாளரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. நிறுவனப் பண்பாடு பற்றிய ஆய்வு முதலில் பல்கலைக்கழகத் துறைகளிலிருந்து தொடங்குமாயின் அது பொருத்தமானதே.